கடலுக்கு அடியில் இருபது நிமிடம்



1900-ம் ஆண்டு. கிரேக்க நாட்டில் ஆன்டிகிதெரா என்று ஒரு குட்டித் தீவு. புயலுக்கு ஒதுங்கிய படகு ஒன்று அதன் அருகே நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் கடல்பஞ்சு எடுக்கிறவர்கள். நம் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தார்களே, அதுபோல அந்த ஊர்க்காரர்கள் கடலடியில் வளரும் பஞ்சை அறுத்து வந்து விற்பார்கள்.

எலியாஸ் ஸ்டாடியாடிஸ் என்ற மூழ்காளர் செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்திலேயே, தூக்குங்கள் என்று கயிற்றை இழுத்தார். மேலே வந்தவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். கீழே செத்துப்போன மனிதர்களும் குதிரைகளும் குவியலாகக் கிடப்பதாகச் சொன்னாராம்!

படகின் தலைவர் நம்பவில்லை. தானே இறங்கிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் கையில் இன்னொரு கை இருந்தது. ஆமாம், வெண்கலத்தால் செய்த கை! கீழே கிடந்தவை பிணங்கள் அல்ல, சிலைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிப்போன ஒரு கப்பலின் சரக்கு அது.

கிரேக்க அரசு கப்பற்படையை அனுப்பியது. அந்தப் பஞ்சு மூழ்காளர்களையே வைத்து, 1901-ம் ஆண்டு வரை சிலைகள், கண்ணாடிக் கிண்ணங்கள், ஜாடிகள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் மேலே ஏற்றினார்கள். ஒருவர் உயிர் போனது. இருவருக்குக் கை கால் செயலிழந்தது. வந்த பொருட்களோடு பாசி பிடித்த ஒரு வெண்கலக் கட்டியும் இருந்தது. 1902-ல்தான் அதற்குள் பல்சக்கரங்கள் இருப்பதைக் கவனித்தார்கள். சூரியன், சந்திரன் இருக்கும் இடங்களையும் கிரகணங்களையும் கணக்கிட்டுச் சொன்ன பழங்காலக் கருவி அது. இன்றைக்கும் அறிஞர்கள் அதைப் பார்த்து வியக்கிறார்கள்.

சரி, அந்தக் கருவி கப்பலில் எங்கே இருந்தது? சரக்கு அறையிலா? தலைவர் தங்கிய அறையிலா? மரப்பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தார்களா, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டு வந்தார்களா? யாருக்கும் தெரியாது. எடுத்தவர்கள் குறித்து வைக்கவில்லை.

"தெரியலீங்க டீச்சர்!"

நான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளியில் ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பழைய செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பச்சை படிந்து, ஓரம் தேய்ந்து, பார்க்கவே அழகாக இருந்தது.

"எங்கேப்பா கிடைச்சுது?" என்றேன்.

"தெரியலீங்க டீச்சர். செங்கல் சூளைக்கு டிராக்டர்ல மண்ணு வந்துச்சு. அதுல கெடந்துச்சு."

"மண்ணு எந்த ஊர்லேருந்து வந்துச்சு?"

"அதான் தெரியலீங்க டீச்சர்."

காசு என்னவோ நல்ல காசுதான். ஆனால் அது எந்த ஊர் மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது டிராக்டர் ஓட்டியவருக்கே தெரியாது. ஊர் பேர் தெரியாத குழந்தை மாதிரி ஆகிவிட்டது அது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை சொல்கிறேன். துருக்கி நாட்டின் தென்கரையில் உலுபுருன் என்ற இடத்தில், கி.மு. 1300 வாக்கில் மூழ்கிய கப்பல் ஒன்று கிடைத்தது. அதில் நிறைய அகல்விளக்குகள் இருந்தன. சில விளக்குகள் பெரிய தாழிக்குள் மற்ற மண்பாண்டங்களோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கரி இல்லை. அப்படியானால் அவை விற்பதற்காகக் கொண்டுபோன சரக்கு. வேறு சில விளக்குகளின் மூக்கில் கரி படிந்திருந்தது. அவை மாலுமிகள் தினமும் ஏற்றிய விளக்குகள். புது விளக்குகள் சைப்ரஸ் தீவில் செய்தவை. கரி பிடித்தவையோ சிரியா, பாலஸ்தீனக் கரையோர ஊர்களில் செய்த வகை. ஆகவே மாலுமிகள் அந்தக் கரையோரத்து ஆட்களாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தார்கள். பார்த்தீர்களா? விளக்கு வெறும் விளக்குதான். அது எப்படிக் கிடந்தது என்பதுதான் வாய் திறந்து பேசுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். கிடக்கும் பொருளைக் கையில் எடுத்த உடனேயே 'கிடந்த இடம்' அழிந்துபோகிறது. திரும்ப அதே மாதிரி வைக்க முடியாது. ஆகவே எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அளந்து பதிவு செய்துவிட வேண்டும். நிலத்தில் என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அளக்கலாம். கடலுக்கு அடியில்?

பென்சிலோடு இறங்கிய மாணவர்

1960-ம் ஆண்டு வரை பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், மூழ்காளர்கள் கீழே போவார்கள், தொல்லியல் அறிஞர்கள் மேலே படகில் காத்திருப்பார்கள். மூழ்காளர் கொண்டுவந்து கொடுப்பதுதான் ஆராய்ச்சி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பாஸ் என்ற இளைஞர் இதை மாற்றினார். அவருக்கு அப்போது 27 வயது. மூழ்கவே தெரியாது! அவசரம் அவசரமாக ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டு துருக்கிக்குப் புறப்பட்டார். கெலிடோனியா முனை என்ற இடத்தில், சுமார் 27 மீட்டர் ஆழத்தில், 3,200 ஆண்டுகள் பழமையான கப்பலின் மிச்சம் கிடந்தது. அங்கே பாஸும் நண்பர்களும் தாங்களே இறங்கி, நிலத்தில் செய்வதுபோலவே அகழாய்வு செய்தார்கள். பிளாஸ்டிக் தாளில் பென்சிலால் எழுதினால் தண்ணீரில் அழியாது. அளவு நாடா பிடித்து, படம் வரைந்து, போட்டோ எடுத்துத்தான் எதையும் அசைத்தார்கள். பாறையாக இறுகிப்போன செம்புக் கட்டிகளைப் பெயர்க்க, கார் டயர் மாற்றும்போது வைப்போமே, அந்த ஜாக்கியைப் பயன்படுத்தினார்கள்! கடலடிக் கப்பல் ஒன்றை முழுமையாக, முறைப்படி அகழ்ந்தது அதுதான் முதல் தடவை. 2021-ல் தமது 88-வது வயதில் பாஸ் காலமானார். உலகம் முழுதும் கடலடித் தொல்லியல் படிக்கிறவர்கள் அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

கோலி சோடாவும் மூழ்காளரும்

முன்பே சொன்னேனே உலுபுருன் கப்பல், அது கிடைத்த கதையும் சுவையானது. 1982-ல் மெஹ்மெட் சாகிர் என்ற பஞ்சு மூழ்காளர், கடலடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாகத் தம் தலைவரிடம் சொன்னார். அவை உண்மையில் செம்புக் கட்டிகள். தூக்குவதற்கு வசதியாக நான்கு மூலையிலும் காதுபோல் நீட்டி வார்த்தவை. ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்ப் பஞ்சு மூழ்காளர்களிடம் இந்தப் படங்களைக் காட்டி, பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். அதனால் விஷயம் சரியான காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி மரம், நீர்யானைப் பல், எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த குட்டித் தங்க வண்டு என்று அள்ள அள்ளக் குறையாத கப்பல் அது. ஆனால் கிடந்த இடம் 44 மீட்டரில் தொடங்கி 61 மீட்டர் வரை சரிந்து போகும் பாறைச் சரிவு. அவ்வளவு ஆழத்தில் ஒருவர் ஒரு முழுக்கில் வேலை செய்ய முடிந்தது சுமார் 20 நிமிடம்தான்! ஒரு நாளைக்கு இரண்டே முழுக்கு.

ஏன் அப்படி? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழி தெரியாது. கோலியை அழுத்தித் திறந்ததும் 'புஸ்' என்று பொங்கும். மூழ்காளர் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் வாயு, அழுத்தத்தால் அவர் ரத்தத்தில் கரைந்துவிடும். அவர் சட்டென்று மேலே வந்தால் சோடா பொங்குவதுபோல் ரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். ஆன்டிகிதெராவில் அந்த மூழ்காளர்களை முடக்கியது இதுதான். அதனால் நடு நடுவே நின்று நின்று மெதுவாகத்தான் ஏற வேண்டும். கீழே அதிக நேரம் இருந்தால் மேலே வர இன்னும் அதிக நேரம் ஆகும்.

போதாததற்கு இன்னொரு தொல்லை. 30 மீட்டருக்குக் கீழே போனால் அதே நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். குடித்தவர்போல் ஆகிவிடுவார்கள். மேலே 'இரண்டும் மூன்றும் ஐந்து' என்று டக்கென்று சொல்கிறவர் கீழே திணறுவார். அந்த நிலையில் நாடா பிடித்து அளந்து, எண்ணைப் படித்து, பிழையில்லாமல் எழுத வேண்டும்!

உலுபுருனில் 1984 முதல் 1994 வரை 11 ஆண்டு வேலை நடந்தது. மொத்தம் 22,413 முழுக்குகள். அளவெடுப்பதும் வரைவதும் அவற்றில் நிறைய நேரத்தைத் தின்றன.

எப்படி அளப்பார்கள்? உங்கள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறங்கள். கவராயத்தை எடுங்கள். மூன்று பக்க அளவு கொடுத்தால் முக்கோணம் வரைவீர்களே, அதே கணக்குதான்! கடல்தரையில் அசையாத கம்பிகள் சிலவற்றை நட்டு வைப்பார்கள். ஒரு ஜாடியின் வாய் முதல் கம்பியிலிருந்து எவ்வளவு தூரம், இரண்டாவது கம்பியிலிருந்து எவ்வளவு தூரம், மூன்றாவதிலிருந்து எவ்வளவு என்று நாடா பிடிப்பார்கள். மேலே வந்து அந்த அளவுகளை வைத்து வரைந்தால் ஜாடியின் இடம் கிடைத்துவிடும். கணக்கு வகுப்பில் 'இதெல்லாம் எதுக்கு டீச்சர்?' என்று கேட்கும் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை அகழ்ந்தபோது, நிக் ரூல் என்பவர் இந்த நாடா அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்கிடும் முறையை உருவாக்கினார். மூன்று அளவுக்குப் பதில் நாலைந்து அளவு கொடுத்தால், ஒன்றோடு ஒன்று ஒத்துவராத அளவைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். குளிரில் நடுங்கிக்கொண்டு 3.62 என்பதை 3.26 என்று எழுதிய மூழ்காளர் மாட்டிக்கொள்வார்!

இரண்டு கண் எதற்கு?

இப்போது ஒரு சின்னச் சோதனை. உங்கள் ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவுகிறதா? இப்போது கையை முழுவதும் நீட்டி அதே போலச் செய்யுங்கள். தாவல் குறைந்துவிட்டது, இல்லையா?

பக்கத்தில் உள்ளது அதிகம் தாவும். தூரத்தில் உள்ளது குறைவாகத் தாவும். உங்கள் மூளை இந்தத் தாவலை வைத்துத்தான் தூரத்தை அறிகிறது. இரண்டு கண்ணுக்குப் பதில் இரண்டு இடத்திலிருந்து எடுத்த இரண்டு போட்டோ இருந்தால்? படத்தில் தெரியும் தாவலை அளந்து தூரத்தைக் கணக்கிடலாமே! இப்படிப் படத்தைக் கொண்டு அளப்பதற்குப் பெயர் ஃபோட்டோகிராமெட்ரி. நிலப்படம் வரைய விமானத்திலிருந்து படமெடுத்து இப்படி அளப்பது பழைய வழக்கம்.

ஜார்ஜ் பாஸ் இதைக் கடலுக்குள் கொண்டுபோனார். 1964-ல் 'அஷெரா' என்ற இரண்டு பேர் அமரும் சின்ன நீர்மூழ்கியில் கேமராக்களைப் பொருத்தி, துருக்கியின் யாசி அடா தீவருகே கப்பலின்மேல் மெல்லப் பறப்பதுபோல் ஓட்டிப் படமெடுத்தார்கள். படமெடுப்பது சீக்கிரம் முடிந்தது. ஆனால் அவற்றிலிருந்து வரைபடம் உண்டாக்கக் கரையில் தனிக்கருவியில் உட்கார்ந்து நாட்கணக்காக உழைக்க வேண்டியிருந்தது. யோசனை நல்ல யோசனைதான். கம்ப்யூட்டர்தான் இன்னும் வளரவில்லை.

டிஜிட்டல் கேமரா வந்தது

1999 முதல் 2001 வரை துருக்கியின் டெக்டாஷ் முனையில், 2,400 ஆண்டுகளுக்கும் முந்தைய கிரேக்கக் கப்பல் ஒன்றை அகழ்ந்தார்கள். அந்தக் கப்பலுக்குக் கண் இருந்தது தெரியுமா? முன்பக்கத்தில் பதித்த வட்டமான சலவைக்கல் கண்கள்! கப்பல் வழி பார்த்துப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அகழாய்வில் டிஜிட்டல் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளந்தார்கள். ஆனாலும் 'இந்தப் படத்தில் உள்ள இந்தப் புள்ளிதான் அந்தப் படத்தில் உள்ள அந்தப் புள்ளி' என்று ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அடுத்த பத்து ஆண்டுக்குள் அந்த வேலையையும் கம்ப்யூட்டரே செய்யப் பழகிவிட்டது. மூழ்காளர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கப்பலின்மேல் வயலில் ஏர் ஓட்டுவதுபோல் முன்னும் பின்னுமாக நீந்திக்கொண்டே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு பாதிக்கு மேல் ஒன்றிப்போக வேண்டும். ஓடு வேயும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்குமே, அப்படி. பிறகு நேர்மேலே இருந்து மட்டுமல்லாமல் சாய்வாகவும் எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எல்லாப் படத்தையும் ஒப்பிட்டு, ஜாடியின் ஒரு கீறல், பாறையின் ஒரு புள்ளி என்று எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது கேமரா எங்கே இருந்தது என்பதைக்கூட அதுவே கண்டுபிடித்துவிடும்! பிறகு லட்சக்கணக்கான புள்ளிகளை அந்தரத்தில் வைக்கும். பார்ப்பதற்குப் புள்ளிகளால் ஆன மேகம்போல் இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கோலம்போல் கோடுகளால் இணைத்து, மேலே படத்தின் நிறத்தைப் போர்த்தினால், திரையில் கப்பல் முழுதாக வந்து நிற்கும். திருப்பலாம், கவிழ்க்கலாம், அடியிலிருந்து பார்க்கலாம், எந்த ஜாடிக்கும் எந்த ஜாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று வீட்டிலிருந்தே அளக்கலாம். நடுவில் மீன் குறுக்கே போனால்? கவலை இல்லை. அடுத்த படத்தில் அது அதே இடத்தில் இருக்காதே! கம்ப்யூட்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

தண்ணீர் மட்டும் சும்மா இருக்காது, சில குறும்புகள் செய்யும். டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டால் வளைந்ததுபோல் தெரிகிறதே, அதே காரணத்தால் கடலுக்குள் எல்லாமே கால்வாசி கிட்டத்திலும், பெரிதாகவும் தெரியும். கேமராவுக்கும் அப்படித்தான். அதற்காக முன்னால் அரைக்கோளக் கண்ணாடி பொருத்துவார்கள், கணக்கிலும் சரிசெய்வார்கள். இன்னொன்று, தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். ஆழத்தில் விரல் கீறி ரத்தம் வந்தால் பச்சையாகத் தெரியுமாம்! ஆகவே கையோடு விளக்குக் கொண்டுபோனால்தான் மண்பாண்டத்தின் செம்மை படத்தில் விழும்.

கம்ப்யூட்டரை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. உருவம் சரியாக வரும், ஆனால் அது ஒரு மீட்டரா பத்து மீட்டரா என்று அதற்குத் தெரியாது. அதனால் நீளம் தெரிந்த அளவுகோல்களைக் கடல்தரையில் வைத்துப் படமெடுப்பார்கள். நீண்ட கப்பலாக இருந்தால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, தட்டையான தரை அப்பளம்போல் வளைந்துவிடும். அதைப் பிடிக்க, பழைய அளவு நாடாவும் ஆழம் காட்டும் கருவியும் இன்றைக்கும் கீழே போகின்றன. எனக்கு இதில் ஒரு சந்தோஷம். நாடா இன்னும் ஓய்வு பெறவில்லை!

நூற்றிப் பத்து மீட்டர்

இந்த முறை எங்கே உயிர் காக்கிறது என்று பார்க்க மால்டாவுக்குப் போவோம். இத்தாலிக்குத் தெற்கே உள்ள தீவு நாடு அது. அங்கே கோசோ தீவின் ஷ்லெண்டி விரிகுடாவுக்கு வெளியே, 2007-ல் ஒலி அலைகளை அனுப்பிக் கடல்தரையைத் துழாவியபோது, ஒரு கப்பல் இருப்பது தெரிந்தது. பினீசியர் என்ற பழைய கடல் வணிகர்களின் காலத்துக் கப்பல். சுமார் 2,700 ஆண்டு பழமை. ஆம்போரா என்ற இரண்டு காது ஜாடிகளும் எரிமலைக் கல்லில் செய்த அரவைக் கற்களும் குவிந்து கிடந்தன. (ஆம்போரா என்றால் புதிது என்று எண்ணாதீர்கள். பிற்காலத்தில் ரோமானியர் அனுப்பிய ஆம்போராக்களின் உடைந்த துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.)

ஆழம் 110 மீட்டர்! உலுபுருனைப்போல் இரண்டு மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்து அங்கே போக முடியாது. ஹீலியம் கலந்த வாயு வேண்டும். இறங்கினால் கீழே வேலை பார்க்கச் சுமார் 12 நிமிடம். மேலே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டு நிமிடத்தில் எத்தனை ஜாடிக்கு நாடா பிடிப்பது?

2014-ல் முதலில் நீர்மூழ்கியில் கேமராக்களைப் பொருத்தி, எதையும் தொடாமல் மொத்த இடத்தையும் படமெடுத்தார்கள். அந்த உருவத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் அடுத்தடுத்த வேலைகளைத் திட்டமிட்டார்கள். 2018-ல் மால்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமி காம்பின் தலைமையில் அகழாய்வு தொடங்கியது. மண்ணை உறிஞ்சி எடுக்க எடுக்கப் படமெடுத்து, புதுப் புது உருவம் செய்துகொண்டே போனார்கள். மூழ்காளர் மேலே வந்து ஓய்வெடுக்கும்போது, அவர் கீழே பார்த்ததை மற்றவர்கள் நிதானமாகத் திரையில் பார்க்கலாம். நாளைக்கு இறங்குகிறவர் 'இந்த ஜாடிக்கு இடப்பக்கம், இந்தக் கல்லுக்குப் பின்னால்' என்று தெரிந்துகொண்டே இறங்கலாம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்றைக்கூட வழி தேடுவதில் செலவழிக்க வேண்டாம். 2020-ல் மால்டாவின் மூழ்கிய கப்பல்களையும் விமானங்களையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் சுற்றிப் பார்க்கும்படி ஒரு மெய்நிகர் அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள். நீச்சல் தெரியாத என்னைப்போன்ற கிழவியும் பார்க்கலாம்!

மனிதரே போக முடியாத ஆழமும் உண்டு. கருங்கடலில் 2015 முதல் 2017 வரை நடந்த ஆய்வில், கயிற்றில் கட்டி மேலிருந்து ஓட்டும் எந்திரங்களை அனுப்பினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் கிடைத்தன. அந்தக் கடலின் ஆழத்தில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் மரத்தைத் தின்னும் புழு அங்கே வாழாது. இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 23 மீட்டர் நீளக் கிரேக்கக் கப்பல் ஒன்று பாய்மரம், சுக்கான், துடுப்பு வலிப்பவர் அமரும் பலகை எல்லாவற்றோடும் அப்படியே இருந்தது! வயது 2,400 ஆண்டு. பானை ஓவியத்தில் மட்டுமே பார்த்திருந்த கப்பல் வகை அது. அதை மேலே தூக்கவில்லை. எந்திரம் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது, வயது அறிய ஒரு துண்டு மரம் எடுத்தது, அவ்வளவுதான். கப்பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தொடாமல் பதிவு செய்வதில் அவசரமும் உண்டு. தரையை வாரிக்கொண்டு போகும் இழுவலைகள் ஒரு நொடியில் ஜாடிக் குவியலை நொறுக்கிவிடும். திருடர்கள் வேறு. பதிவு இருந்தால், போன ஆண்டு இருந்த ஜாடி இந்த ஆண்டு இல்லை என்றாவது தெரியும்.

எனக்கு ஒரு கவலையும் இருக்கிறது. எங்கள் பள்ளி ஆண்டு விழாப் படங்களை அந்தக் காலத்தில் பிளாப்பியில் ஏற்றிப் பத்திரமாகப் பீரோவில் வைத்தோம். இப்போது பிளாப்பி இருக்கிறது, அதைப் படிக்கும் கம்ப்யூட்டர்தான் எங்கும் இல்லை. பிளாஸ்டிக் தாளில் பாஸ் வரைந்த பென்சில் கோட்டைக் கண்ணாலேயே படிக்கலாம். இந்த டிஜிட்டல் கப்பல்களைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய வடிவத்துக்கு மாற்றி மாற்றி வைக்காவிட்டால், அவை இரண்டாவது தடவை மூழ்கிவிடும்.

மறுபடி அதே தீவுக்கு

ஆன்டிகிதெராவுக்கும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் போனார்கள். 2014-ல் தானாக நீந்தும் எந்திரம் ஒன்று இரட்டைக் கேமராவோடு அந்தச் சரிவின்மேல் முன்னும் பின்னுமாக ஓடி, கடல்தரையை முழுவதும் முப்பரிமாணப் படமாக்கியது. அதை வைத்து அகழாய்வு தொடர்ந்தது. 2022-ல், பல டன் எடையுள்ள பெரும் பாறைகளை நகர்த்தியபோது அடியில் ஒரு சலவைக்கல் தலை இருந்தது. ஆளைவிடப் பெரிய சிலையின் தலை. தாடி வைத்த முகம். கிரேக்கக் கதைகளில் வரும் ஹெர்குலிஸ் என்று கருதுகிறார்கள்.

ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் தலையில்லாத ஹெர்குலிஸ் சிலை ஒன்று நிற்கிறது. அந்தப் பஞ்சு மூழ்காளர்கள் மேலே ஏற்றியது. இந்தத் தலை அந்த உடம்புக்கு உரியதாக இருக்கலாமாம்! தலை எந்தப் பாறைக்கு அடியில் கிடந்தது என்பதெல்லாம் பதிவாகிவிட்டது. உடம்பு எங்கே கிடந்தது என்று கேட்டால் மட்டும், அந்தச் செப்புக்காசுப் பையன் சொன்ன பதில்தான்.